மரெட்டா பேரில் ஓர் அட்வான்ஸ்

அந்த அடுப்பின் உட்புறத்தை வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது நெரிடா அதற்குள் தலையை விட்டுப் பழைய கத்தியால் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் முட்டி போட்டு வேலை பார்ப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வர வேண்டுமே. ஒரு பொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தாலும் ஏஜெண்ட் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைக் கழித்துவிடுவார்கள். ஃபுட்ஸ்கிரே பகுதியில் வாடகைக்கு இருக்கிறவர்கள் காலி செய்கிற வாரத்தில்தான் வீட்டை உருப்படியாகத் துடைப்பார்கள்.

இந்த வீட்டில் வேடிக்கை என்னவென்றால், அடுத்து குடிவரப் போவது ஒரு புல்டோசர். வீட்டுக்காரர் மனையை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். இடிக்கப் போகிற வீட்டுக்கும் அடுப்பு பளபளவென்று இருக்க வேண்டும் என்றது சட்டம்.

"ஜன்னலையும் துடைக்கணுமாம். இடிக்கிறவங்களுக்கு வெளிச்சம் வேணும்ல," என்றாள் ஹிவோட். அவள் டிராம் ஓட்டுகிறவள். அடிஸ் அபாபாவிலிருந்து ஏழு வயதில் வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். கையில் ஈரத்துணியோடு நாற்காலிமேல் நின்றிருந்தாள்.

ஃபெர்கஸ் கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் நெடுநாளாக இருப்பவன் அவன்தான். நாடகக் கொட்டகைகளில் விளக்குக் கட்டுகிற வேலை. கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் டீ. குடித்து முடித்த கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

"அந்தக் கோப்பைக்கும் கால் முளைச்சு தானே போய்க் குளிக்கும்னு பாக்குறியா?" என்றாள் ஹிவோட்.

"ஊறட்டும். ஊறினா கறை போகும்."

"மூணு வருஷமா ஊறுது."

நெரிடா அடுப்புக்குள்ளிருந்தே சிரித்தாள். ஃபெர்கஸிடம் அவளால் கோபித்துக்கொள்ள முடியாது. கணவனை விட்டு இரண்டு குப்பைப் பைகளில் துணியோடு அவள் வெளியே வந்தபோது, ஊரில் ஒரு ஏஜெண்டும் அவளுக்கு வீடு கொடுக்கவில்லை. இருபத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் வாடகைச் சீட்டு, கரண்ட் பில், கார், எல்லாம் அவன் பேரில் இருந்தன. அவள் பேரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இந்த வீட்டுக் கதவைத் திறந்து, அவள் முகத்தையும் பைகளையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "டீ குடிக்கிறியா? பின்னாடி ரூம் காலியாகப் போகுது," என்று சொன்னவன் ஃபெர்கஸ். அதை அவள் செத்தாலும் மறக்க மாட்டாள்.

அப்போது பின்னறையைக் காலி செய்துகொண்டிருந்த ஆன்செல் என்பவன் கையில் எண்ணூறு டாலரைக் கொடுத்தாள். சேர்ந்து குடியிருக்கிற வீடுகளில் வழக்கம் அதுதான். அட்வான்ஸ் வீட்டுக்காரர் பையில் இருக்காது. அரசாங்க அலுவலகத்தில், முதலில் கட்டியவர் பேரில் கிடக்கும். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பேரை மாற்ற வேண்டும் என்பது முறை. யார் மாற்றுகிறார்கள்? உள்ளே வருகிறவர் வெளியே போகிறவரிடம் அவர் பங்கைக் கொடுப்பார், அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அலுவலகத்தில் பழைய பேர் அசையாமல் இருக்கும்.

நெரிடா வந்த புதிதில் பேரை மாற்றலாமா என்று ஒரு தடவை கேட்டாள். ஃபெர்கஸ் பதறிப்போனான். "பேரை மாத்தணும்னா ஏஜெண்ட் வீட்டைப் பாக்க வருவா. பாத்தா வாடகையை ஏத்துவா. நாமளா எதுக்குப் போய்த் தலையைக் கொடுக்கணும்? காலி பண்றப்போ மூணாப் பிரிச்சுக்கலாம்," என்றான். நியாயமாகத்தான் பட்டது.

இப்போது காலி செய்கிற நேரம் வந்துவிட்டது. சன்ஷைன் பகுதியில், மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. கிடைத்தது என்றால், திங்கள்கிழமை மதியத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் அவளுக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு. பள்ளிக்கூடக் கேண்டீன் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் முதல் மாத வாடகைக்கே சரியாகப் போய்விட்டது. அட்வான்ஸுக்கு அந்த எண்ணூறைத்தான் நம்பியிருந்தாள். அவள் பேர் மட்டும் எழுதியிருக்கிற முதல் வாடகைச் சீட்டு அது. அதனால்தான் அடுப்பை அப்படிச் சுரண்டினாள்.

வியாழக்கிழமை சாவியை ஒப்படைத்தார்கள். ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து டெனிகா என்ற பெண் வந்து, அறை அறையாகப் போய் அடுப்பைத் திறந்து பார்த்து, "இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல," என்றாள். நெரிடாவுக்கு முட்டிவலி பாதி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேண்டீனில் இறைச்சி வைத்த மீட் பை சூடுபடுத்திக்கொண்டிருந்தபோது டெனிகாவே கூப்பிட்டாள்.

"நல்ல சேதிங்க. ஒரு காசு கூடப் பிடிக்கல. முழுப் பணமும் விட்டாச்சு. இன்னிக்குக் காலையிலயே போய்ச் சேந்திருக்கும்."

"எனக்கு இன்னும் வரலையே."

"உங்களுக்கு எப்படிங்க வரும்? மரெட்டா வெல்ச் பேர்லதான இருந்தது? அவங்களுக்கு மெசேஜ் போச்சு, ஒத்துக்கிட்டாங்க, அவங்க கணக்குக்குப் போயிருச்சு."

"யாருங்க மரெட்டா வெல்ச்?"

"நீங்க அந்த வீட்டுலதான இருந்தீங்க? அவங்களைத் தெரியாதா?" என்று டெனிகா கேட்டாள்.

இரண்டு நாள் முட்டி தேயச் சுரண்டியது முகம் தெரியாத ஒருத்திக்காகவா? டெனிகா மரெட்டாவின் நம்பரைத் தர மறுத்துவிட்டாள். தரக்கூடாதாம். முறைப்படி அதுவும் சரிதான். முறைப்படி பார்த்தால் நெரிடா அந்த வீட்டில் குடியே இருந்ததில்லை.

வேலை முடிந்ததும் மூன்று பேரும், ஹிவோட் டிராமை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைக்கிற நிறுத்தத்தில் கூடினார்கள். நெரிடா முந்தின நாளிலிருந்து வெரிபீயில் தங்கை வீட்டு ஹாலில் தங்கியிருந்தாள். ஹிவோட் சித்தி மகள் வீட்டில். ஃபெர்கஸ் தன் பழைய வேனிலேயே தூங்கினான். நடந்ததைக் கேட்டதும் ஹிவோட் அவன் பக்கம் திரும்பினாள்.

"மரெட்டா யாரு?"

"எனக்கு முன்னாடி இருந்தவ. எனக்குத் தெரியாது. கிச்சனுக்கு அந்தக் கடுகு மஞ்சள் பெயிண்ட் அடிச்சது அவதான்னு சொல்வாங்க."

"தெரியாதவ பேர்ல எங்க காசை வச்சிக்கிட்டு, பேரை மாத்தாதே மாத்தாதேன்னியே?"

"எல்லா வீட்லயும் இப்படித்தான் ஹிவோட். எனக்கும்தான பங்கு போச்சு." ஃபெர்கஸ் தரையைப் பார்த்தான். "அவ எங்க இருக்காளோ. போனது போகட்டும், விட்ருங்க. தேடினா வக்கீல் கிக்கீல்னு வந்து நிப்பா."

"நீ விடு. நான் விட மாட்டேன்," என்றாள் நெரிடா. தன் குரல் அவ்வளவு உரக்க வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்துக்காரர்கள் சோபா விற்கவும் தொலைந்த நாயைத் தேடவும் வைத்திருக்கும் பேஸ்புக் பக்கத்தில் எழுதிப் போட்டாள். 'பில்க்ரிம் தெருவில் கடுகு மஞ்சள் கிச்சன் இருந்த வீட்டில் முன்பு குடியிருந்த மரெட்டாவை யாருக்காவது தெரியுமா? நல்ல விஷயம்தான்.' கடைசி வார்த்தை பாதிப் பொய். வீட்டை இடிப்பது பற்றி நாலு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர் சோபா இருக்கிறதா என்று கேட்டார். ஐந்தாவதாக ஓர் அம்மாள் எழுதினாள். 'நாய் குளிப்பாட்டுகிற மரெட்டாவா? சனிக்கிழமைதோறும் ஆற்றோரப் பூங்காவில் வண்டி நிற்கும்.'

சனிக்கிழமை போனாள். நீல வண்டி, பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இடுப்பளவு தொட்டியில் ஒரு வேட்டை நாய் வாழ்க்கை வெறுத்த முகத்தோடு நின்றிருந்தது. குட்டை முடியும் ரப்பர் பூட்ஸுமாக ஓர் அம்மாள் அதற்கு சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இது முடிஞ்சதும் உன்னோடதைப் பாக்குறேன். நாய் எங்க?"

"நாய் இல்லைங்க. நான் பில்க்ரிம் தெரு வீட்டுல இருந்தேன். நேத்து உங்களுக்கு ஒரு பணம் வந்திருக்கும்."

மரெட்டா குழாயை மூடவில்லை. "வந்தது. என் பணம்தான. என் பேர்ல இருந்தது."

நெரிடா வழி நெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தாள். கேட்கிறவளுக்குத்தான் எப்போதும் வெட்கம். இருந்தும் சொன்னாள். பின்னறைக்கு எண்ணூறு கொடுத்து வந்தது, அடுப்பு, திங்கள்கிழமை மதியம், எல்லாம் சொன்னாள். "என் பங்கும் ஹிவோட் பங்கும் வேணும்ங்க. ஃபெர்கஸ் பங்கும்," என்று முடித்தாள்.

மரெட்டா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"யாரு பங்கு?"

"ஃபெர்கஸ். முன்னறையில இருந்தவர். உங்களை அவருக்குத் தெரியாது."

மரெட்டா சிரித்தாள். நாய் மிரண்டு அவளைப் பார்த்தது. "தெரியாதாமா? என் ரூமுக்குச் சாவி கொடுத்ததே நான்தான் கண்ணு. தம்பிக்கு உடம்பு சரியில்லைன்னு வடக்கே டார்வின் ஊருக்குப் போனேன். ரெண்டே வாரம்னுதான் போனேன். பூனைக்குச் சோறு போட ஆள் வேணும்னு இவனை வச்சேன். இவனும் ரெண்டே வாரம்தான்னான். தம்பி சாக நாலு வருஷம் ஆச்சு. ரூமை நீயே எடுத்துக்கோ, என் எண்ணூறை மட்டும் அனுப்பிடுன்னேன். அனுப்புறேன்னான். ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேட்டா பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். நேத்து பணம் வந்ததும் பயல் கடைசியில காலி பண்ணி, என்னோடதை வட்டியும் முதலுமா விட்டுட்டான்னு நெனச்சேன். இதோ, வண்டிக்குப் புதுப் பம்பு போட்டாச்சு."

பேரை மாற்ற வேண்டாம் என்று ஃபெர்கஸ் பதறியது ஏன் என்று நெரிடாவுக்கு இப்போது விளங்கியது. மாற்றப் போனால் மரெட்டாவின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குப் போனால் எண்ணூறு கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்தவன் அவன் ஒருவன்தான். நெரிடாவுக்குக் காதெல்லாம் சுட்டது. தன்னை உள்ளே விட்டவன் இவன் என்பதும் கூடவே நினைவுக்கு வந்து, முழுசாகக் கோபப்படவும் விடவில்லை.

"பிக்கிள் எப்படி இருக்கு?" என்று மரெட்டா கேட்டாள்.

"யாரு?"

"என் பூனை. ஆரஞ்சுக் கலர். வாலு வளைஞ்சிருக்கும்."

பிக்கிளை ஃபெர்கஸின் பூனை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். "போன வருஷம் செத்துப்போச்சுங்க," என்றாள் நெரிடா. "எலுமிச்சை மரத்தடியில புதைச்சோம். தூக்கத்துலயே போயிடுச்சு."

மரெட்டாவின் கை நாயின் முதுகில் நின்றது. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. பணம் வராததைச் சிரித்துக்கொண்டு சொன்னவளுக்கு இப்போது கண் நிறைந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"மூணு நாள் அவர் சரியாச் சாப்பிடலைங்க. அது நிஜம்."

"சாப்பிட்டிருக்க மாட்டான். பூனைகிட்ட பாசமாத்தான் இருந்தான்." மரெட்டா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "சரி, நீ சொல்றதை நான் எப்படி நம்புறது? எங்க காலத்துல பின்னறை பேட்டாவோடது. அவளுக்கு அவ பங்கு கிடைச்சுதா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் ஆன்செல்கிட்ட கொடுத்தேன். ஆன்செல் யார்கிட்ட கொடுத்தான்னு…"

மரெட்டா ஈரக் கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பேட்டா என்பவள் எங்கோ காற்றடிக்கிற இடத்தில் இருந்தாள்.

"பேட்டா, பில்க்ரிம் தெருவை விட்டுப் போறப்ப உன் அட்வான்ஸை யார் கொடுத்தா?"

"இதை இப்ப எதுக்குக் கேக்குற? நெட்டையா ஒருத்தன். ஆன்செலோ என்னமோ. கார் பானெட்ல வச்சு ரெண்டு தடவை எண்ணினான், ஏதோ நான் ஏமாத்தி வாங்கிட்டுப் போற மாதிரி."

"அடுத்த ரூம் ரோனனுக்கு?"

"அவனுக்கும் வந்துச்சு. ஒரு அயர்லாந்துப் பொண்ணு கொடுத்தா. அன்னிக்கு எல்லாருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கித் தந்தானே, மறந்துட்டியா? ஓ, நீ அதுக்கு முன்னாடியே போயிட்டே இல்ல."

ஹிவோட் பணம் கொடுத்தது அந்த அயர்லாந்துப் பெண்ணிடம்தான். மரெட்டா போனை வைத்தாள். சட்டப்படி இவள் கொடுக்கத் தேவையில்லை. போய் வா கண்ணு என்று நாய்ப் பக்கம் திரும்பினால் கேட்க ஒரு நாதி கிடையாது. மழை பெய்கிறதே என்று பார்த்தால் நாய் உடம்பை உதறியிருந்தது.

"பேங்க் நம்பரைச் சொல்லு," என்றாள் மரெட்டா. "உன்னோடது, அந்த டிராம் பொண்ணோடது. மீதி எண்ணூறு பம்புக்குப் போனது, என்னோடது. ஃபெர்கஸுக்குக் கொடுக்க ஒண்ணும் இல்ல. அவன்கிட்ட சொல்லு, கணக்கு முடிஞ்சுதுன்னு. கோபம் இல்லைன்னும் சொல்லு. இல்ல வேணாம், அதைச் சொல்லாதே."

நெரிடா நம்பரைச் சொன்னாள், பணம் வந்துவிட்டதென்று போன் அவள் கையிலேயே மணியடித்தது. அவள் மரெட்டாவைக் கட்டிப்பிடித்தாள். சட்டை முழுக்க நாய்ச் சோப்பு.

திங்கள்கிழமை காலையில் பணத்தைக் கட்டினாள். ஏஜெண்ட் அலுவலகத்தில் ஒரு பையன் திரையை அவள் பக்கம் திருப்பி, "யார் யார் பேர்ல போடணும்?" என்று கேட்டான்.

"நெரிடா ஹோல்ப்ரூக். அவ்வளவுதான்," என்றாள். பையன் தட்டினதும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் ஃபெர்கஸ் வேனோடு வந்துவிட்டான். அவளுடைய சோபாவைப் புது வீட்டு மாடிக்கு ஏற்றித் தருகிறேன் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தான். வர மாட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். ஹிவோட் அவனைப் போனில் கிழி கிழியென்று கிழித்துத் தோரணம் கட்டியிருந்தாள். ஆனாலும் அவன் சோபாவின் கனமான முனையைத் தான் எடுத்துக்கொண்டு, மாடிப்படி திருப்பத்தில் கை சிராய்த்ததையும் பொருட்படுத்தாமல் மேலே சேர்த்தான். ஜன்னல் கொக்கி ஆடியது. பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் எடுத்து அதையும் இறுக்கினான்.

அவள் டீ போட்டாள். நின்றபடியே குடித்தார்கள்.

"பிக்கிளைக் கேட்டாளா?" என்றான்.

"கேட்டா. அழுதா."

அவன் தலையை ஆட்டினான். "அனுப்பணும்னுதான் இருந்தேன் நெரி. முதல்ல காசு இல்ல. அப்புறம் காசு இருந்தப்போ ரொம்ப லேட் ஆயிடுச்சு. லேட் ஆக ஆக பேசவே முடியலை."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ என்னை இப்படிப் பாத்திருப்பே. இப்ப பாக்குற மாதிரி."

கீழே தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துப் போனார்கள். ஃபெர்கஸ் சோபாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"கீலாங்ல ஒரு ரூம் பாத்து வச்சிருந்தேன். அட்வான்ஸ் கேக்குறான். வேன்ல ராத்திரி குளிர் தாங்கலை. ஒரு வேலை வருது, அடுத்த மாசம். அதுவரைக்கும் இந்த சோபாவுல… ரெண்டே வாரம் நெரி."

குப்பைப் பைகளோடு நின்றவளுக்குக் கதவைத் திறந்தவன். காசு இருக்கிறதா, யார் பேரில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் கேட்காதவன். சரி என்று சொல்ல நெரிடாவின் வாய் திறந்தேவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது, நாய்த் தொட்டிப் பக்கத்தில் மரெட்டா சொன்ன அதே ரெண்டே வாரம். அதற்கு ஆன வருடங்கள் அவளுக்குத் தெரியும்.

"வேணாம் ஃபெர்கஸ்," என்றாள். "மனசு கேக்கலை, ஆனா வேணாம். காசு கொஞ்சம் வச்சிருக்கேன். இன்னிக்கு ராத்திரி லாட்ஜ்ல தங்கிக்கோ."

அவன் காசு வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான், தண்ணீரைத் திறந்தான். விரலால் உட்பக்கம் வரை தேய்த்துக் கழுவி, துணி தேடிக் கிடைக்காமல் தன் சட்டையிலேயே துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்தான். "நல்ல வீடு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

வேன் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. நெரிடா ஜன்னலருகில் நின்று அழுதாள். அவன் இறுக்கிவிட்ட கொக்கியைப் பிடித்தபடி நின்றாளே தவிர, ஜன்னலைத் திறந்து கூப்பிடவில்லை.